நீட்டிய கை

குற்றங்கள் நான்கு. மில் சங்கச் செயலாளர் தோழர் பலவேசம் அவற்றை ஒருநாளும் வரிசை மாற்றிச் சொன்னதில்லை.

முதலாவது. மில் வாசல் கூட்டத்தில் அவர் முழங்கிக்கொண்டிருந்தபோது நூல் சுற்றும் ரீலிங் பிரிவுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "தோழரே, தண்ணி லாரி வந்துட்டு. குடம் வைக்கணும். கொஞ்சம் சுருக்கமா முடிங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. உலக முதலாளித்துவத்தைப் பற்றிய பகுதி அன்றைக்குப் பேசப்படாமலே போயிற்று.

இரண்டாவது. சங்கத்தின் துண்டறிக்கைகளை ஆரம்ப நாளிலிருந்து எழுதி வருபவர் அவர். பள்ளிக்கூடம் சொல்லித் தராததையெல்லாம் துண்டறிக்கைகளில் படித்துத் தெரிந்துகொண்டவர் என்பதால், நான்கு பக்கத்துக்குக் குறைந்து எழுதுவதைத் தொழிலாளிக்குச் செய்யும் துரோகமாகவே நினைத்தார். அந்தப் பெண் அவரைக் கேட்காமல் நான்கே வரியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினாள். மில்லில் அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். படித்தார்கள் என்பதுதான் குற்றம்.

மூன்றாவது. நிர்வாகம் பேச்சுவார்த்தையை வழக்கம்போல இழுத்தடித்தது. பலவேசம் மேசையைத் தட்டி எழுந்து "வெளிநடப்பு" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, இரவு ஷிஃப்ட் பெண்களுக்கு வேனும், கைப்பிள்ளைகளை விட ஓர் அறையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். அந்த இரண்டையும் பலவேசம் முதன்முதலில் கேட்டபோது அவள் ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

நான்காவது குற்றம் அன்றைக்கே நடந்தது. வாசலில் காத்திருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் நேராக அவரிடம் வந்தாள். வலது கையை நீட்டினாள்.

"நோ ஹார்ட் ஃபீலிங்ஸ், தோழர்."

முதல் மூன்றையும் அவர் மன்னித்திருக்கக்கூடும். நான்காவது அவருக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் அந்த ஓசையை அவர் வெகுகாலம் முன்பு ஒருமுறை கேட்டிருந்தார். உடம்பு அதை மறக்கவில்லை.

நீட்டிய கையை அப்படியே விட்டுவிட்டு நடந்தார். அதன் பிறகு அவள் பெயரை அவர் உச்சரிக்கவில்லை. அவர் காதுபட வேறு யாரும் உச்சரிக்கத் துணியவும் இல்லை.

ஸ்பின்னிங் பிரிவுப் பிச்சையா அவருக்கு நெடுநாள் சிநேகிதர். டீக்கடையில் போனைத் தடவித் தடவிப் பார்த்து அர்த்தம் சொன்னார்.

"கடினமான உணர்வுகள் இல்லைன்னு போட்டிருக்கு."

"யாருக்கு இல்லையாம்?"

"அது போடல."

"எனக்கு உணர்ச்சி இல்லைங்காளா? இல்ல, அவளுக்கு இல்லைங்காளா?"

"அண்ணாச்சி, போன் என்ன ஜோசியமா பாக்கும்?" பிச்சையா டீயை உறிஞ்சினார். "அதை விடும். வெள்ளிக்கிழமை வருது. கையில யார் பேரை எழுதப் போறீரு?"

பலவேசம் டீ டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சங்கம் பிறந்த வருஷம், செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பெயர் எழுதிய காகிதத்தை நிர்வாகத்தின் அடியாட்கள் வாசலிலேயே பறித்துக் கிழித்தார்கள். இருபத்தைந்து வயதுப் பலவேசம் ஒரு பேனாவை வாங்கி, அந்தப் பெயரைத் தன் வலது உள்ளங்கையில் எழுதி, கையை உயர்த்திச் சத்தமாக வாசித்தார். "இப்ப கிழிலே பாப்போம்" என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். பதவி விலகும் செயலாளர் அடுத்தவர் பெயரை உள்ளங்கையில் எழுதி வருவார். ஷிஃப்டுக்கு ஒருவராகச் சாட்சிகள் பக்கத்தில் நின்று கையைப் பார்ப்பார்கள். பெயர் வாசிக்கப்படும். பெயருக்குரியவர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். மை இருவர் கையிலும் ஒட்டும். சங்கம் கைமாறிவிடும்.

பலவேசத்துக்கு உடம்பு முடியவில்லை. விலகுகிறேன் என்று அவரே அறிவித்துவிட்டார். யார் பெயர் என்பது மில்லுக்கே தெரியும். கை நீட்டிய அந்தப் பெண்ணின் பெயரைத்தான் அவர் எழுதமாட்டேன் என்றார். உள்ளங்கை வெறுமையாக வந்தால் இளவட்டங்கள் தனிக் கொடி கட்டுவார்கள். சங்கம் இரண்டாகும். நிர்வாகம் காத்திருந்தது அதற்குத்தான்.

சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் பியூலா டீச்சர் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தாள். பலவேசத்தின் வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு. குவைத்துக்குப் போகிற நர்சுகளும் கப்பலுக்குப் போகிற சமையல்காரர்களும் அவளிடம் படித்தார்கள். அவளிடம் கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பாள் என்று ஊரில் சொல்வார்கள்.

பலவேசம் படியேறி வந்து வாசலில் நின்றார். சிவப்புத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"சேர வந்தீங்களா, அண்ணாச்சி?"

"இல்ல. ஒரு வரிக்கு அர்த்தம் தெரியணும். நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்."

"நம்ம ஊர்ல 'மனசுல வெச்சுக்காதீங்க'ன்னு சொல்றோம்ல, அதுதான். விளையாட்டுல ஜெயிச்சவங்க தோத்தவங்ககிட்ட சொல்வாங்க. சண்டை போட்டவங்களும் சொல்லிக்குவாங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

பலவேசத்தின் முகம் இறுகியது. "செய்யதை எல்லாம் செஞ்சுட்டு, மனசுல வெச்சுக்காதேன்னா, அது என்ன நியாயம் டீச்சர்? அடிச்சவனே மருந்தும் போடுவானா?"

"இப்ப நீங்க கேக்கிறது அர்த்தம் இல்ல. எப்ப சொல்லணும், யார் சொல்லணும்னு கேக்கிறீங்க."

"ஆமா. அதைத்தான் கேக்கேன்."

"சொல்லும்போது அவங்க என்ன செஞ்சாங்க?"

"கையை நீட்டினா."

"எப்படின்னு காட்டுங்க."

பலவேசம் வலது கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து மாணவர்கள் படியேறி வந்தார்கள்.

"இறக்காதீங்க" என்றாள் பியூலா. "அப்படியே நில்லுங்க." கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவர் நின்றார். இறக்கச் சொல்லும் வரை இறக்குவதில்லை என்று முடிவு செய்தார். மழையில் கொடி பிடித்தவர், போலீஸ் லாரி மேலே ஏறுவதுபோல வந்து நின்றபோதும் கொடியைச் சாய்க்காதவர். ஒரு வெறும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்ன பெரிய காரியம்?

வகுப்பு நடந்தது. பியூலா ஒவ்வொருவராகப் பேசவைத்தாள். கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தோளில் சூடு ஏறியது. கொடிக்குக் கம்பு இருந்தது, சாய்ந்துகொள்ளலாம். இந்தக் கைக்கு ஒன்றும் இல்லை. வெறுமையான உள்ளங்கை அவர் கண் முன்னாலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அதில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

முதலில் பிள்ளைகள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு நர்சுப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். அது பரவாயில்லை. பிறகு எல்லோரும் பார்க்காததுபோலக் குனிந்துகொண்டார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

வகுப்பில் இருந்த பேக்கரி மாஸ்டர் சேவியருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து வந்து கையைப் பிடிக்கப் போனார்.

"உக்காருங்க சேவியர்" என்றாள் பியூலா, திரும்பாமலே. "அது உங்களுக்கு நீட்டின கை இல்ல."

சேவியர் உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். பியூலா கரும்பலகையைத் துடைத்தாள். கையைத் தட்டிச் சுண்ணாம்புத் தூளை உதறினாள். அதன் பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"இறக்கலாம், அண்ணாச்சி."

உடனே இறக்க முடியவில்லை. இடது கையால் பிடித்து மெல்ல இறக்கினார்.

"இப்ப சொல்லுங்க. அர்த்தம் என்ன?"

"கை வலிக்கி."

"சரி. நாளைக்கு வாங்க."

மறுநாள் அவர் தயாராக வந்தார். ராத்திரி முழுக்க மனதுக்குள் ஒரு துண்டறிக்கை எழுதி முடித்திருந்தார்.

"டீச்சர், உங்க பாடம் ஒருபக்கப் பாடம். கை நீட்டினவன் எல்லாம் நல்லவனா? இதே வரியை வேற ஒருத்தன் எங்கிட்ட சொல்லியிருக்கான். அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"யார்?"

"பழைய மேனேஜர். கதவடைப்பு நடந்த வருஷம். பதினோரு பேரை வேலைய விட்டுத் தூக்கினாங்க. நாங்க கும்பிட்டுக் கேட்டோம், கத்திக் கேட்டோம், ஒண்ணும் நடக்கல. கடைசியில அவரு வெளிய வந்து, இங்கிலீஷ்ல இதே வரியச் சொல்லிக் கையை நீட்டினாரு."

"நீங்க?"

பலவேசம் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கொடுத்தேன்."



"ஏதோ வருத்தம் தெரிவிக்காருன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே கொடுத்தேன், டீச்சர். மறுநாள் பேப்பர்ல படம் வந்துட்டு. அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன் சுடலையாண்டி. நான் கை கொடுக்கும்போது கம்பி வேலியப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு நின்னான். அவன் மகதான் இவ."

காற்றடிக்கும் சத்தம் நின்றது.

"வரி ஒண்ணுதான், அண்ணாச்சி" என்றாள் பியூலா. "சொல்லிட்டு அந்த மேனேஜர் என்ன செஞ்சார்?"

"கார்ல ஏறிப் போயிட்டாரு."

"இந்தப் பொண்ணு?"

"நின்னுச்சு."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

"ஏன் தெரியாது?"

பலவேசம் தோளில் கிடந்த துண்டை இழுத்துச் சரி செய்தார்.

"நான் போயிட்டேன்."

பியூலா மேசை மேல் கிடந்த சாக்பீஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

அவருக்குக் கோபம் வந்தது. "நீங்க அவ பக்கமா பேசுதீங்க."

"நான் கிராமர் பக்கம், அண்ணாச்சி."

"சங்கக் கட்டுப்பாட்ட மீறினா. எல்லாரும் எந்திரிச்சா அவ மட்டும் உக்காந்திருந்தா. ஜெயிச்சுட்டா, சரி. தோத்திருந்தா? அன்னைக்கே சங்கத்த முடிச்சிருப்பானுவ. அது தப்பு இல்லையா?"

"தப்புதான்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அடுத்த பக்கத்துக்கு அவர் வைத்திருந்த வாதங்கள் எல்லாம் கையிலேயே நின்றுவிட்டன.

"அது தப்புன்னு அவங்களுக்கும் தெரியும்" என்றாள் பியூலா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க என்கிட்ட காலை வகுப்புல படிச்சவங்க."

பலவேசம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பேச்சுவார்த்தைக்கு முந்தின நாள் வந்தாங்க. 'நாளைக்கு ஒருத்தர் சொல்லை மீற வேண்டியிருக்கும் போலிருக்கு டீச்சர். எனக்கு அவரு அப்பா மாதிரி. முடிஞ்ச பிறகு அவர்கிட்ட என்ன சொல்லணும்'னு கேட்டாங்க. 'மனசுல வெச்சுக்காதீங்கன்னு சொல்லுங்க, போதும்'னு சொன்னேன்."

"பெறவு?"

"'முடியாது டீச்சர்'னாங்க. 'தமிழ்ல சொன்னா அழுதுருவேன். வாசல்ல வெச்சு நான் அழுதா மாடி ஜன்னல்லருந்து மேனேஜ்மென்ட் பாக்கும். அவரையும் சேத்துக் கேவலப்படுத்தினாப்ல ஆயிரும். இங்கிலீஷ்ல ஒரு வரி தாங்க'ன்னாங்க."



பலவேசம் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். மில் வேலையும் கொடிக் கம்பும் தடிக்கவைத்த கை. ஒரு மேனேஜர் குலுக்கிவிட்டுப் போன கை.

"இதுக்கு இங்கிலீஷ்ல பதில் என்ன டீச்சர்?" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அதையாவது சொல்லிக் கொடுங்க. மனப்பாடம் பண்ணிட்டுப் போயிருதேன்."

பியூலா மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒரு பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இது எதுக்கு?"

"மை கொஞ்சம் கசியும்" என்றாள். "நிதானமா எழுதுங்க."

வெள்ளிக்கிழமை சங்கு ஊதியது. ஒரு ஷிஃப்ட் வெளியே வந்தது, ஒரு ஷிஃப்ட் உள்ளே போக நின்றது. மாடி ஜன்னலில் நிர்வாகத்து ஆட்கள் இரண்டு பேர் டம்ளரும் கையுமாக நின்றார்கள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இளவட்டங்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவனிடம் காகிதத்தில் சுற்றிய புதுக் கொடி இருந்தது. அவர்களுக்கு நடுவே, சேலை மேல் போட்ட மில் கோட்டோடு, அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பலவேசம் சிமெண்ட் பெஞ்சின் மேல் ஏறினார். வலது கையை மூடி மார்போடு வைத்திருந்தார். சாட்சிகள் பக்கத்தில் வந்து நின்றார்கள். முதல் சாட்சி பிச்சையா. மூடிய கைக்குள் எழுத்து இருக்குமா என்று எட்டிப் பார்த்தார்.

நான்கு பக்கப் பேச்சுக்கு எல்லோரும் தயாரானார்கள். சிலர் வசதியாக உட்கார்ந்தும்கொண்டார்கள்.

பலவேசம் தொண்டையைக் கனைத்தார். தெருமுனையைப் பார்த்தார்.

"தோழர்களே, தண்ணி லாரி வந்துட்டு" என்றார். "குடம் வைக்கணும். சுருக்கமா முடிச்சுக்கிடுதேன்."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு ரீலிங் பிரிவில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது வாசல் முழுக்கப் பரவியது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அந்தப் பெண் தலை நிமிர்ந்தாள்.

பலவேசம் கையை நீட்டினார். மேலே உயர்த்தவில்லை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக, குழாய்ப் பக்கம் பார்த்து நீட்டினார். விரல்களை விரித்தார். வியர்வையில் மை கசிந்து ரேகைகளில் ஓடியிருந்தது. சாட்சிகள் குனிந்து பார்த்தார்கள். பிச்சையா இரண்டு தடவை பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை பார்த்தார்.

"எழுத்து இருக்கு" என்றார் வழக்கப்படி, கூட்டத்துக்குக் கேட்கும்படியாக. "யார் பேருன்னு வாசிங்க, அண்ணாச்சி."

தோளில் மறுபடியும் சூடு ஏறியது. அவர் இறக்கவில்லை. கூட்டம் நடுவில் பிளந்து வழி விட்டது. அவள் வந்துகொண்டிருந்தாள். சுற்றிய கொடியை வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மாடி ஜன்னலில் ஒரு டம்ளர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

பலவேசம் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, மில் வாசலில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி, சாட்சிகள் முன்னிலையில் வாசித்தார்.

"ரீலிங் பிரிவு, இரண்டாம் ஷிஃப்ட். சுடலையாண்டி மகள், தோழர் முத்துச்செல்வி."